எந்த 78?

"உலகின் முதல் மின்னணு இசை", "முதல் டிஜே" என்றெல்லாம் தலைப்பு போட்ட கட்டுரைகளைப் பார்த்தாலே எனக்குள் ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிடும். அந்தக் கிரீடம் பெரும்பாலும் ஜான் கேஜின் தலையில்தான் போய் உட்காரும். 1939 மார்ச் 24, சியாட்டில் நகரத்துக் கார்னிஷ் பள்ளி, 'இமேஜினரி லேண்ட்ஸ்கேப் நம்பர் 1'. ஒலிக்கருவிகளைச் சோதிக்க விக்டர் கம்பெனி வெளியிட்ட அதிர்வெண் தட்டுகளை இரண்டு டர்ன்டேபிள்களில் சுழலவிட்டு, கூடவே ஒரு பியானோவையும் பெரிய சீனத் தாளத்தையும் சேர்த்துச் செய்த உருப்படி அது.

தட்டை மேடையேற்றியது அவர்தான் முதலில் என்பது சரியில்லை. 1924-லேயே ரெஸ்பிகி தன் ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவில் நைட்டிங்கேல் பறவையைத் தட்டிலிருந்து பாட வைத்துவிட்டார். 1930-ல் பெர்லினில் ஹிண்டெமித்தும் எர்ன்ஸ்ட் டோக்கும் தட்டின் வேகத்தை மாற்றியே ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஆனால் அந்தத் தட்டுகளில் பறவை இருந்தது, மனிதக் குரல் இருந்தது, வாத்தியம் இருந்தது. கேஜின் தட்டில் எதுவுமே இல்லை. வெறும் 'ஊ...' மட்டும்தான். அந்த 'ஊ'வை இசை என்று முதலில் நினைத்தது யார் என்பதுதான் என் அரிப்பு. அதற்குக் காரணம் என் மாமா.

கும்பகோணத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மேஜைமேல் ஒரு ஆடியோ ஆசிலேட்டர் இருக்கும். பகலெல்லாம் ஆம்ப்ளிஃபயர்களின் வயிற்றைச் சோதிக்க அது அலறும். கடை சாத்துகிற நேரத்தில் மாமா அதன் டயலைத் திருப்பி 139-க்குப் பக்கத்தில் நிறுத்துவார். அவருக்கு ஒன்றரைக் கட்டை. அதையே சுருதியாக வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார். சுத்தமான சைன் அலையில் மேல் ஸ்வரங்கள் எதுவும் கிடையாது, குரல் சேர்ந்ததா இல்லையா என்று காது பிடித்துப் பார்க்க ஓர் இடமும் இருக்காது. அதனால் சுவிட்சைச் சதுர அலைக்குத் தள்ளுவார். உடனே அதில் ஹார்மோனியச் சாயல் கொஞ்சம் வந்துவிடும்.

மூடியைத் திறந்து வைத்திருந்த ஒரு நாள், உள்ளே சின்னதாக ஒரு பல்பைப் பார்த்தேன். கருவி ஓடிக்கொண்டிருந்தது, பல்பு எரியவில்லை. "எரியாத பல்பு எதுக்கு மாமா?" என்று கேட்டேன். "அது எரியறதுக்கு இல்லடா, அடக்கறதுக்கு" என்றார். ஒலி வலுத்தால் இழை சூடாகும், சூடானால் அதன் மின்தடை ஏறும், ஏறினால் ஒலி தானே அடங்கும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும். இந்த உபாயத்தை வைத்து வில்லியம் ஹியூலெட் செய்த ஆசிலேட்டர்தான் ஹியூலெட்-பேக்கார்டு கம்பெனியின் முதல் சரக்கு. கம்பெனி பிறந்தது 1939-ல். 'ஃபேன்டேசியா' படத்துக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டு வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் லண்டனில் கூடிய மாநாடு, 'ஏ' ஸ்வரத்துக்கு 440 என்று பரிந்துரைத்தது. அதிர்வெண்ணுக்கு நல்ல கிராக்கி இருந்த வருடம் போலிருக்கிறது.

தேடலை எண்ணிலிருந்து தொடங்கினேன். கேஜின் ஸ்கோரில் தட்டின் எண்ணே அச்சாகியிருக்கிறது: விக்டர் 84522, இரண்டு பக்கங்களும். அது போக, ஒரே ஸ்வரம் நீளமாக ஒலிக்கும் இன்னொரு தட்டும் உண்டு. 84522 கையில் கிடைத்தால் கேஜ் கேட்டதை நானும் கேட்டுவிடலாம் என்று நம்பினேன். பழைய இசைத்தட்டு விற்கிறவர்களிடம் போய் "டெஸ்ட் ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்டுத் திரிந்தேன். ஒருவர் கிரிக்கெட் வர்ணனைத் தட்டைத் துடைத்து நீட்டினார். இன்னொருவர், கம்பெனி வெளியீட்டுக்கு முன் அடித்துப் பார்க்கும் மாதிரித் தட்டு என்று புரிந்துகொண்டு, ஒரு நாதஸ்வரத் தட்டுக்கு வாயில் நுழையாத விலை சொன்னார். நாதஸ்வரம் நன்றாகத்தான் இருந்தது.

தட்டு கிடைக்காத சோம்பலில் ஸ்கோரையே எண்ண ஆரம்பித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பதினைந்து பதினைந்து அளவுகளாக நாலு பகுதிகள். பதினைந்து என்பது மூன்று ஐந்து. முதல் பகுதிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு அளவு இடைவெளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. கடைசியில் நாலு அளவில் முடிவு. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தை விரல் விட்டு எண்ணிக் கேட்கிற எவருக்கும் இது என்னவென்று உடனே தோன்றும். சிறிதிலிருந்து பெரிதாக விரியும் ஸ்ரோதோவக யதி! எனக்குத் தூக்கம் போயிற்று.

கீதா சாராபாய் நினைவுக்கு வந்தார். அகமதாபாத்திலிருந்து நியூயார்க் போய் கேஜிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு, பதிலுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அது நடந்தது 1946-ல். ஏழு வருடம் பிந்தியது. அந்தக் கதவு சாத்தியாயிற்று என்று விட்டிருக்கலாம். விடவில்லை. கேஜின் ஆசிரியர்களில் ஒருவர் ஹென்ரி கவல். 1934-ல் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் கேஜ் அவரிடம் உலக நாடுகளின் இசையைப் படித்திருக்கிறார். கவல் அதற்குச் சில வருடம் முன்னால் பெர்லினில் இருந்தபோது கர்நாடக சங்கீதம் படித்தது யாரிடம் தெரியுமா? சென்னைப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம். நம் சங்கீத மாணவர்கள் தேர்வுக்குப் புரட்டித் தேய்த்த புத்தகங்களை எழுதிய அதே சாம்பமூர்த்தி! சாம்பமூர்த்தி, கவல், கேஜ் என்று காகிதத்தில் ஒரு கோடு இழுத்தேன். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அந்தக் கோட்டை அடுத்த வாரமே அடித்துவிட்டேன். ஆசிரியர் வரிசை உண்மைதான். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வளர்த்துக்கொண்டு போக யாருக்கும் குரு வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். எங்கே எது நடந்தாலும் அதற்கு மூலம் நம் ஊரில்தான் என்று முடிக்கிற வாட்ஸ்அப் வியாதி என்னையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் பெரியவரிடம் போனேன். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் நாற்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரிடம் இங்கிலாந்தில் அடித்த ஒரு 78 சோதனைத் தட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இருந்தது. எடுத்தும் காட்டினார். போட்டுக் காட்ட மாட்டேன் என்றார்.

"ஒரு தடவை மட்டும், சார்."

"ஒரு தடவைல ஒரு தடவை தேஞ்சுடும், தம்பி. மேல் ஃப்ரீக்வென்சிதான் முதல்ல போகும். அது போச்சுன்னா இதை வச்சு எதை அளக்கறது?"

அதை வைத்து அவர் கடைசியாக அளந்து முப்பது வருடமாவது இருக்கும். அதைச் சொல்லிப் பார்த்தேன். "அளவுகோலை அரிசி கிளற எடுப்பாங்களா?" என்று கேட்டார். அடுத்த முறை போனபோதும் அதே பதில். பாட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்களாமே என்று கேஜ் கதையைச் சொன்னேன். "டூல் வேற, பாட்டு வேற" என்பதோடு முடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான்.

ஒரு பிற்பகல், என்ன நினைத்தாரோ, தட்டை விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்துக்கொண்டு ஜன்னலோர வெயிலுக்குப் போனார். சாய்த்துச் சாய்த்து ஒரு கோணத்தில் நிறுத்தினார். கறுப்புத் தட்டின்மேல் ஒளிப்பட்டைகள் எழும்பின. வெளிவட்டத்தில் எல்லாம் ஒரே அகலம். மையத்தை நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் குறுகி, கோபுரத்து நிலைகள் போல மேலே ஒடுங்கியது. ஒவ்வொரு பட்டையும் ஓர் அதிர்வெண். பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் எத்தனை வேகத்தில் ஆடுமோ, அதற்கேற்ற அகலத்துக்கு ஒளி விரியும். 1930-ல் புக்மான், மேயர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கண்டு சொன்ன முறை. ஊசி வைக்காமல், தட்டு தேயாமல், கண்ணாலேயே அளந்துவிடலாம். கீழ் ஸ்தாயி ஒலிகளை முழு வலுவோடு வெட்டினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். அதனால் அங்கே வீச்சைக் கட்டுப்படுத்தி வெட்டுவார்கள், பட்டை குறுகுவது அதனால்தான் என்று விளக்கினார். கையில் இருந்த தட்டை நான் காதால் ஒரு நொடிகூடக் கேட்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டேன்.

அந்த உற்சாகத்தில் 84522 பற்றி மறுபடி ஆரம்பித்தேன். கேஜ் அதை 78-லும் 33⅓-லும் மாற்றி மாற்றி ஓட்டினார் என்று சொன்னேன்.

"எந்த 78?" என்றார்.

விழித்தேன். பழைய டைரித் தாள் ஒன்றைக் கிழித்துப் பென்சிலால் எழுதிக் காட்டினார். அமெரிக்காவில் மின்சாரம் 60 சைக்கிள். நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும் மோட்டாரை 46-க்கு ஒன்றாகக் குறைத்தால் 78.26. அங்கே வேகம் சரிபார்க்கும் ஸ்ட்ரோப் தட்டில் 92 கோடுகள். நமக்கும் இங்கிலாந்துக்கும் 50 சைக்கிள், ஸ்ட்ரோபில் 77 கோடு, வேகம் 77.92. அமெரிக்காவில் ஆயிரம் என்று வெட்டிய ஒலி, சென்னையில் சரியான வேகத்தில் ஓடினாலும் 996-க்குக் கொஞ்சம் கீழேதான் கேட்கும். "உங்க 84522 கிடைச்சு, இங்க போட்டிருந்தீங்கன்னா, அவன் கேட்டதைக் கேட்டிருக்க மாட்டீங்க" என்றார். எத்தனையோ நாள் எண்ணைத் துரத்தியவனுக்கு ஒரு பென்சில் போதுமாயிருந்தது.

அவர் பிறகு சொன்னதுதான் என் கேள்வியையே மாற்றிப் போட்டது. சோதனைத் தட்டு ஒரு வேகத்தில் மட்டும்தான் உண்மை பேசும். மற்றத் தட்டுகள் வேகம் தப்பினால் பாட்டு கீச்சிடும், அவ்வளவுதான். இதில் வேகம் தப்பினால் தட்டே பொய். அதன் உறையில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணும் பொய்.

வீட்டுக்கு வந்து கேஜின் உருப்படியின் ஒலிப்பதிவை மறுபடி போட்டேன். முதன்முதலாக எனக்குக் காதில் விழுந்தது 'ஊ' அல்ல, அது நகர்கிற விதம். 1939-ல் வீட்டு கிராமபோன்களுக்கு 33⅓ தேவையே இல்லை. அந்த வேகத்தில் எல்.பி. தட்டு விற்பனைக்கு வர இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. வானொலி நிலையங்களின் பதினாறு அங்குலத் தட்டுகளுக்கான வேகம் அது. கார்னிஷ் பள்ளிக்குள் ஒரு வானொலி ஸ்டுடியோ இருந்ததால்தான் இரண்டு வேக டர்ன்டேபிளும் அதன் கிளட்சும் கேஜின் கைக்கு வந்தன. ஆயிரம் அதிர்வு 33⅓-க்கு வழுக்கும்போது 426-ல் போய் நிற்கும். ஒரு ஸ்தாயி இறங்கி, அதற்கும் கீழே ஏறக்குறைய ஒரு சாதாரண காந்தார தூரம். ஏறக்குறையதான், முழுசாக எட்டுவதில்லை. எந்த ராகத்துக்கும் பிடி கொடுக்காத இடைவெளி. நடுவில் நீண்ட ஜாரு. ஊசியைத் தூக்கி வைப்பதுதான் தாளம்.

உலகம் ஸ்வரத்தை ஓர் எண்ணில் ஆணியடித்துக்கொண்டிருந்த வருடத்தில், அதற்காகவே செய்த தட்டை எடுத்து ஒருவர் அந்த ஆணியைப் பிடுங்கியிருக்கிறார். அவர் முதல் ஆளா என்பதில் இப்போது எனக்கு அக்கறை இல்லை. 1963-ல் பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷயர் 'டாக்டர் ஹூ' இசையைச் சோதனை ஆசிலேட்டர்களிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக நாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டிச் செய்தார். ஜப்பானின் சச்சிகோ எம், சாம்ப்ளர் கருவியின் நினைவகத்தைக் காலியாகவே விட்டு, அதற்குள் கம்பெனி வைத்த சோதனை ஒலியை மட்டும் வாசிக்கிறார். அவர் ஒலியை அசைப்பதுகூட இல்லை. கேட்கிறவர் தலையைத் திருப்பினால்தான் ஒலி மாறும். மாமா 139-ல் டயலை நிறுத்தியதும் இந்த வரிசையில் எங்கேயாவது இருக்கட்டும்.

கேஜின் உருப்படியைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டக் கைபேசியோடு போனேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார். முடிந்ததும், "தட்டு பாழாப் போயிருக்கும்" என்றார். சற்றுக் கழித்து, "எத்தனை பேர் வாசிச்சது?" என்று விசாரித்தார். கேஜ், அவர் மனைவி ஸீனியா, டோரிஸ் டெனிசன், மார்கரெட் ஜான்சன், ஆக நாலு பேர் என்றேன். தட்டுக்காரர்கள் இருவருக்கு ஒரு மைக், தாளத்துக்கும் பியானோவுக்கும் இன்னொரு மைக் என்பதையும் சொன்னேன்.

"ரெண்டு மைக்குக்கும் லெவல் யார் பார்த்தது?"

கட்டுப்பாட்டு அறையில் ஒரு உதவியாளர் இருந்து ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று ஸ்கோரிலேயே போட்டிருக்கிறது என்றேன்.

"அப்போ நாலு பேர்னு எழுதாதீங்க, தம்பி. அஞ்சு."