ஒன்பது உயிர் கூடிய ராஜா

ஒடிசாவின் பூரிக்குப் பக்கத்தில் இருக்கிறது ரகுராஜ்பூர். பட்டச்சித்திரம் என்ற துணி ஓவியத்துக்குப் பேர்போன ஊர். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்ததும் இங்கேதான். நண்பர் அறிமுகத்தில் நான் பார்க்கப் போன சித்திரக்காரர், திண்ணையில் உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டச் சீட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். இந்தச் சீட்டுக்கும் இதை வைத்து ஆடும் ஆட்டத்துக்கும் கஞ்சப்பா என்று பெயர்.

பழைய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சீமைச் சுண்ணாம்புப் பொடி பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். இந்த உழைப்பில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது. வெள்ளைக்குச் சங்குப் பொடி, சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக் கரி, எல்லா நிறத்தையும் பிடிக்கவைக்க விளாம்பிசின்.

ஓர் இனத்துக்கு 12 சீட்டு: ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து. தசாவதாரக் கட்டில் 10 இனம், 120 சீட்டு. மச்சாவதார இனத்தில் எட்டு என்றால் எட்டு மீன். எண் எழுதும் வழக்கமில்லை. பத்து மீனையும் அந்தச் சிறு வட்டத்தில் நெரிசலின்றி நிறுத்த வேண்டும். ஆடுபவர் பார்த்த மாத்திரத்தில் எண்ணிக்கை பிடிபட வேண்டும்.

விலங்குகளுக்கும் சீட்டுக்கும் உள்ள உறவு பழையது. அக்பர் கால ஆட்டத்தில் குதிரை, யானை, காட்டு விலங்கு, பாம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி இனம் இருந்ததை அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் பதிவு செய்திருக்கிறார்.

ஒடியாக்காரர்களின் கற்பனை இன்னும் தூரம் போனது. ஒன்பது உயிர் கூடிய நவகுஞ்சரம் என்ற உருவத்துக்குச் சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடை, பாம்பு வால். யானை, புலி, குதிரை ஆகியவற்றின் கால்கள் மூன்று. நான்காவது காலின் இடத்தில் தாமரை ஏந்திய மனிதக் கை! 15ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் பாடிய ஒடியா மகாபாரதத்தில் வரும் உருவம் இது. எதிரே வந்த அதை நோக்கி அர்ச்சுனன் வில்லை வளைக்கிறான். கையைக் கண்டதும் கண்ணன் என்று உணர்ந்து வில்லைப் போட்டுவிடுகிறான். சில கஞ்சப்பாக் கட்டுகளில் நவகுஞ்சரம் ராஜா, அர்ச்சுனன் மந்திரி.

சித்திரக்காரர் எழுதிக்கொண்டிருந்ததும் அந்த ராஜாச் சீட்டைத்தான். மற்ற எட்டு உயிரையும் முடித்த பிறகே மனிதக் கையைத் தொட்டார். “இதைப் பார்த்துத்தானே அடையாளம் கண்டான்” என்றார்.

அவருடைய தாத்தா காலத்துப் பெரியவர்கள் சாயங்காலமானால் கஞ்சப்பா ஆட உட்கார்ந்துவிடுவார்களாம். அவர் மகனுக்குச் சீட்டு எழுதத் தெரியும், ஆடத் தெரியாது. முழுக்கட்டு கேட்டு வருபவர்களும் அரிது. வியாபாரிகள் பத்துப் பதினைந்து சீட்டைப் பொறுக்கியெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு நகரங்களில் விற்கிறார்கள். சட்டம் போட்டவருக்கு வரும் லாபம் பசை காய்ச்சிய பெண்ணுக்கு வருவதில்லை. எழுதியவரின் பெயர்கூட அதில் இருப்பதில்லை. இது அநியாயம், கலையை வாழவைக்கிறோம் என்ற பெயரில் நடக்கும் அநியாயம். ஆட்டம் போய்விட்டால், மீன்களை எண்ணத் தோதாக ஏன் நிறுத்த வேண்டும் என்பதும் அடுத்த தலைமுறைக்கு மறந்துபோகும்.

பூரிக்குப் போகிறவர்கள் ரகுராஜ்பூருக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். எழுதியவர் கையிலிருந்தே வாங்குங்கள். முடிந்தால் முழுக்கட்டாகக் கேளுங்கள். ஆட்ட விதிகளையும் கேட்டுக் கற்றுக்கொண்டு வாருங்கள்.