சகரம் நிறுத்தவில்லை

பொங்கல் விடுமுறைக்கு நாகலாபுரம் சென்றிருந்தேன். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரால் அமைத்த ஊர் என்பர். வீட்டிலே தமிழ், பள்ளியிலே தெலுங்கு, கல்லூரியிலே ஆங்கிலம் என்று வளர்ந்தவன் நான். மூன்றும் அறிந்தவன் என்ற செருக்கும் சிறிது உண்டு.

நண்பர் மூவர் சேர்ந்து நாற்பது நாட்கள் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை அளந்திருந்தோம். கருவி நிமிடந்தோறும் பதிந்த எண்கள், நாளுக்கொரு கோப்பாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் இருந்தன. அவற்றைத் திருத்த ஒரு நிரல் எழுதி, வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே கைப்பேசி வழியாக ஓடவிட்டேன். படி எடுத்து வைத்தேனா? இல்லை. பிறகு மாமாவுக்குப் பொங்கல் வாழ்த்து எழுதலானேன். திரும்பி வந்து பார்த்தால், நிரல் கோப்புகளைத் திருத்தவில்லை, ஒவ்வொன்றாக வெறுமையாக்கிக்கொண்டிருந்தது! ஐந்தாறு நொடிக்கு ஒரு நாள் போயிற்று.

கண்ட்ரோலும் சியும் சேர்ந்தால் ஓடும் நிரல் நிற்கும். என்னிடம் இருந்த டெர்மக்ஸ் என்னும் மென்பொருளில், கைப்பேசியின் ஒலி குறைக்கும் பொத்தானே கண்ட்ரோல். அதை அழுத்திக்கொண்டு எழுத்தைத் தட்டினேன். நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் தட்டினேன். திரையில் "சசச" என்று வந்தது. வாழ்த்து எழுதிய தமிழ் விசைப்பலகை அப்படியே இருந்தது!

"பொங்கல் ஆறுதுடா, வாயேன்" என்றார் அம்மா உள்ளிருந்து. எனக்கோ கை நடுங்கிற்று.

ஆஸ்கி என்னும் எண்முறையில் சி என்ற பெரிய எழுத்துக்கு எண் 67. கண்ட்ரோல் அதில் 64ஐக் கழித்துவிடும். மிச்சம் 3. 'உரை முடிந்தது' என்று பொருள்படும், உருவமற்ற எழுத்து அது. 1963இல் அம்முறை வகுக்கப்பட்டபோது டெலிடைப் எந்திரங்களுக்கு இத்தகைய எழுத்துகள் வேண்டியிருந்தன. 7 வந்தால் மணி அடிக்கும். 13 வந்தால் அச்சு வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். இன்று எந்திரம் போயிற்று. அதைப்போல நடிக்கும் மென்பொருளில் எண்கள் மட்டும் வாழ்கின்றன. நம் சகரத்துக்கோ யூனிகோடில் எண் 2970. அதைக் குறைத்துக் கட்டளையாக்க ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஆகவே சகரம் சகரமாகவே போய்ச் சேர்ந்தது. தெலுங்குச் சகரத்தைத் தட்டியிருந்தாலும் இதே கதிதான்!

விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி ஒருமுறை தட்டினேன். நின்றது. பதினொரு நாட்கள் போயிருந்தன.

எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பவர் வேதநாராயணர். சோமகன் கவர்ந்துசென்ற வேதங்களை மீனாக வந்து மீட்டவர். மாலையில் அவர் எதிரே நின்றபோது எனக்குக் கோப்புகளின் நினைவே. அன்றைய நீர்மட்டத்தை இனி யாரால் அளக்க முடியும்?

இரவு, திருப்பதியில் இருந்த நண்பனை அழைத்து உண்மையைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இரு" என்று சொல்லித் தன் சட்டைப்பைக் குறிப்பேட்டைப் புரட்டினான். கிணற்றடிக்குப் போன காலைகளில் கயிறு விட்டு அளந்து எழுதியிருந்தானாம். நான்கு நாட்கள் கிடைத்தன. ஏட்டிலே மற்ற ஏழு நாட்களுக்கு எதிரே கோடு போட்டிருக்கிறோம்.