கொடியில் நிற்கும் மிளகு

2004ஆம் ஆண்டு மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டத்தை முடித்துக்கொண்டு மாத்தளைக்குத் திரும்பியபோது, சந்தித்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "இனி எங்க மகன்?" இனி என்ன என்று எவரும் கேட்கவில்லை. அந்த 'எங்க'வுக்குள் கொழும்பு அடங்கும், டோஹா அடங்கும், துபாய் அடங்கும். மாத்தளை மட்டும் அடங்காது. நான்கு வருடம் கோம்பாக்கில் படித்தவன் மிளகுக் கடையில் குந்துவதற்கா வந்தான்?

அந்த மிளகுக் கடைதான் என்னைப் படிக்க வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மிளகு என்பது வாப்பாவுக்கு மட்டுமே தெரியும்.

வாப்பா என் படிப்புச் செலவை ரிங்கிட்டில் கணக்கிட்டதில்லை, ரூபாயிலும் இல்லை. மிளகில் கணக்கிட்டார். ஒரு தவணைக் கட்டணத்துக்கு இத்தனை அந்தர் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை மலேசியா தன் நாணயத்தை ஒரு டொலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி வைத்திருந்தது. இலங்கையோ 2001 ஜனவரியில் ரூபாவை மிதக்கவிட்டது. அதே காலத்தில் வியட்நாம் மிளகு உலகச் சந்தையில் வந்து குவிந்தது. சில வருடங்களுக்குள் ஏற்றுமதியில் அந்த நாடு முதலிடத்துக்கு வந்து, விலையை அடியோடு விழுத்தியது. ரூபா இறங்க, மிளகும் இறங்க, கட்டி வைத்த ரிங்கிட் அசையாமல் நின்றது. எனது முதல் தவணைக்குப் போன மிளகைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கடைசித் தவணைக்குப் போனதாக அந்தப் பக்கம் சொல்கிறது. சர்வதேச நிதி முகாமைத்துவம் என்று ஒரு பாடம் நான் படித்தேன். அதன் பயிற்சிக் கணக்கு ஊரில், வாப்பாவின் கையெழுத்தில் இருந்தது.

மாத்தளை மிளகு பெருந்தோட்டப் பயிரல்ல. இரத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தைப் பக்கங்களில் வீட்டுத் தோட்டங்களில் பலா, கமுகு, கொக்கோ, கோப்பி இவற்றோடு கிளிரிசீடியா மரங்களில் ஏறி நிற்கும் கொடிகள் அவை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரிடமும் உண்டு. சொந்தக்காரர் காயைப் பறித்து, உதிர்த்து, வெயிலில் காய வைத்துக் கடைக்குக் கொண்டு வந்தால் அது ஒரு வியாபாரம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சும். ஆனாலும் நிறுத்துப் பார்த்து விலை பேசலாம். மற்றது, கொடியோடு வாங்குவது. பூத்துத் திரி விட்ட கையோடு தோட்டக்காரர் வருவார். பிள்ளைக்கு ஒபரேஷன், மகளுக்குக் கல்யாணம், வீட்டுக் கூரை என்று ஏதோ ஒன்று இருக்கும். வாப்பா தோட்டத்தைச் சுற்றி நடந்து கண்மதிப்பாக ஒரு தொகை சொல்வார். பணம் அன்றே கைமாறும். பறிப்பது, காய வைப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. நல்ல இலாபம் இதில்தான். என் கட்டணத்தின் பெரும்பகுதி இந்த வழியில் வந்தது.

கோம்பாக்கில் இஸ்லாமிய வணிகச் சட்டம் எங்களுக்குக் கட்டாய பாடம். அந்தப் பல்கலைக்கழகமும் மலேசியாவின் முதலாவது இஸ்லாமிய வங்கியும் ஒரே ஆண்டில், 1983இல், பிறந்தவை. பாடங்களும் வங்கியைப் பார்த்தபடியே ஓடின. வீடு வாங்க முறாபஹா, கார் வாங்க இஜாறா என்று வாரக் கணக்கில் பேசினோம். ஸலமுக்கு ஒரு விரிவுரைதான். மதீனாவுக்கு நபி (ஸல்) அவர்கள் வந்தபோது மக்கள் ஓராண்டு, ஈராண்டு முந்தியே பேரீச்சைக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் நிறையும் தவணையும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நபியவர்கள் அதை ஒழுங்குபடுத்தினார்கள். மரத்திலுள்ள பழத்தை, அது சிவக்கும்வரை அல்லது மஞ்சளிக்கும்வரை விற்பதைத் தடுத்தார்கள். அந்தப் பழத்தை அல்லாஹ் தராமல் விட்டால், உன் சகோதரனின் பணத்தை எதற்குப் பகரமாக எடுப்பாய் என்ற கேள்வி இதையொட்டி வருவது. விரிவுரையாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். நான் யட்டவத்தைக் கொடிகளிலேயே நின்றுவிட்டேன். திரியில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகிச் சிவக்கத் தொடங்கும்போதுதான் மிளகு பறிக்க வேண்டும் என்று வாப்பா சின்ன வயதிலேயே காட்டித் தந்திருந்தார். நாங்கள் பணம் கொடுப்பதோ அதற்குப் பல மாதங்கள் முந்தி.

ஊருக்கு வந்து இரண்டு கிழமை இதைப் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு நாள், இஷாவுக்குப் பின், கடையைப் பூட்டும் நேரத்தில் சொன்னேன். கொடியோடு வாங்குவதை விட்டுவிட்டு ஸலமாகச் செய்வோம். இன்ன நிறை, இன்ன திகதி என்று எழுதிக்கொண்டு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுப்போம் என்றேன்.

வாப்பா கோபப்படவில்லை. "கொடி காய்க்காட்டி அவன் எங்கால மகன் தருவான்?" என்று கேட்டார்.

எழுதிய நிறையை அவர் சந்தையில் வாங்கியாவது தர வேண்டும், அதுதான் ஸலம்; குறித்த ஒரு தோட்டத்தின் காய் என்று கட்டிப்போடவும் பெரும்பாலான சட்டவறிஞர்கள் விடுவதில்லை என்று விளக்கினேன்.

"அப்ப மழை பிழைச்சா அவன் கடன்காரன். கொடியோட எடுத்தா நட்டம் எனக்கு. நீங்க சொன்ன ஹதீஸ்ல சகோதரன்ட காசு எண்டது என்ட காசுதானே?"

பட்டப்படிப்பில் எந்தப் பரீட்சையிலும் இப்படியொரு கேள்வி எனக்கு வந்ததில்லை. காசு கொடுத்தவனைப் பாதுகாக்கும் சட்டம்தான் அது. வாப்பாவின் வாசிப்பில் பிழையில்லை. ஆனால் ஒன்று இருந்தது. "அந்த நட்டத்த நீங்க விலையிலேயே கழிச்சிட்டுத்தானே வாப்பா கொடுக்கிறீங்க" என்றேன். அவர் விளக்கை அணைத்தார். வீடு வரும்வரை பேசவில்லை.

பின்வந்த மாதங்களில் கொழும்பில் மூன்று நேர்முகப் பரீட்சைகளுக்குப் போனேன். இஸ்லாமிய வங்கிமுறைக்கு இடம்தரும் திருத்தம் இலங்கை வங்கிச் சட்டத்தில் 2005இல்தான் வந்தது. அதற்கு முன் என் பட்டத்தின் பாதியைக் கொழும்பில் விளங்கிக்கொள்ள ஆளில்லை. என்னோடு படித்தவர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். எனக்கும் ஓர் இடம் வந்தது. உம்மா பெட்டிகூட அடுக்கினா. போகாததற்குப் பெரிய இலட்சியம் எதுவும் காரணமில்லை. வாப்பாவின் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, அவ்வளவுதான். விடை தெரியாத நிலையில் ஒரு வங்கியில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து ஷரீஆ உத்தியோகம் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அந்த விடையை வாப்பாதான் கண்டார், என் பாடப்புத்தகம் அல்ல. அடுத்த பருவத்தில் கொடி விலை பேச வந்த ஒருவரிடம், "மஞ்சளடிச்ச பிறகு வாங்க, அன்றைய விலைக்கு எடுக்கிறன், இப்ப தேவைக்குக் கடனாக் கொண்டு போங்க" என்றார். கடனைத் தந்துவிட்டு மிளகை எனக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் கடனால் பயன் எடுத்ததாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த நிபந்தனையையும் விட்டுவிட்டார். கர்ழ் ஹஸன் என்ற அழகிய கடன். கொப்பியில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினார்.

கடை இலாபம் குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. எங்களிடம் கடன் வாங்கி, காய்ந்த மிளகை ஐந்து ரூபா கூடக் கிடைக்கிறதென்று பக்கத்துக் கடைக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கடனையே மறந்தவர்களும் இருந்தார்கள். "உங்கட டிகிரிக்கு இப்பதான் முழுக் காசும் கட்டுறன்" என்று வாப்பா சிரிப்பார். அது பகிடியா முறைப்பாடா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மாறாக, 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி எங்கும் பேசப்பட்ட மாதங்களில், அந்தப் பக்கத்தில் பெயருள்ள சில சிங்களத் தோட்டக்காரர்கள் மூடையோடு பகலிலேயே வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வாப்பா மௌத்தானபோது பக்கத்தில் இருபத்திமூன்று பெயர்கள் தீராமல் இருந்தன. அவற்றைக் கேட்க வேண்டாம் என்று வஸிய்யத் செய்திருந்தார்.

கொடியோடு விற்பது மாத்தளையில் இன்றும் நடக்கிறது. தேவை காத்திருக்காது, மிளகு காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பணம் உள்ளவன் நிற்கிறான். ஆனால் போன மாதம், அந்த இருபத்திமூன்றில் ஒருவரின் மகன் கடைக்கு வந்தார். வெளிநாட்டில் வணிகப் பட்டம் முடித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கே போகப் போகிறீர்கள் என்று எனக்கும் வாயில் வந்தது, அடக்கிக்கொண்டேன். அயலில் பத்துப் பன்னிரண்டு வீடுகளின் மிளகை ஒன்றாகக் காயவைத்து, இடையில் கடை இல்லாமல் நேரே ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கப் போகிறாராம். ஒரு லீற்றர் பாத்திரத்தில் மிளகை நிரப்பி நிறுத்து, 500 கிராமுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்போமே, அந்தப் பாத்திரத்தையும் தராசையும் இரண்டு நாளைக்கு இரவல் கேட்டார்.

துடைத்துக் கொடுத்தேன். எப்படி நிரப்ப வேண்டும், குலுக்கக் கூடாது என்பதையும் காட்டிக் கொடுத்தேன்.