நிறுவிய பிறகு யார் பொறுப்பு?

ஆப்ட், ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ், போதாக்குறைக்கு மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்வது. லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவ இத்தனை வழி இருக்க, எது சிறந்தது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: அடுத்த வருஷம் இதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அடைக்கப்போவது யார்?

சர்வருக்கு என் தேர்வு டெபியன் ஸ்டேபிள், அதன் சொந்தக் களஞ்சியம், ஆப்ட். “எல்லாம் பழைய பதிப்பாச்சே” என்பார்கள். பழையதுதான். ஆனால் கவனிப்பாரற்றதல்ல. 2024 ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் மோசமான ஓட்டை ஒன்று வெளியானது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை எழுதுபவர்கள் திருத்தத்தோடு 9.8 பதிப்பை வெளியிட்டார்கள். டெபியன் 12-இல் இருந்ததோ 9.2. டெபியன்காரர்கள் 9.8-க்குத் தாவவில்லை, திருத்தத்தை மட்டும் எடுத்து 9.2-இல் சேர்த்து, பதிப்பெண்ணின் வாலில் ‘டெப்12யூ3’ என்று குறித்து அனுப்பினார்கள். நம் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் 9.2 என்பதை மட்டும் பார்த்துச் சிவப்பு மையில் சுழிப்பார்கள். வாலைக் காட்டிப் புரியவைப்பதும் நம் வேலையில் சேர்த்திதான்.

அதே ஆண்டு மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவழி வைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃப்ராயின்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளுக்குள் அது நுழைந்துவிட்டது, ஸ்டேபிளை எட்டவில்லை. பழையது என்றாலே பத்திரம் என்று இதை வைத்துச் சட்டம் எழுதமாட்டேன். புதியது வந்த அன்றே வேண்டும் என்ற அவசரம் சர்வருக்குத் தேவையில்லை, அவ்வளவுதான்.

வெளியார் களஞ்சியங்களைச் சேர்ப்பதில் நான் கஞ்சன். தொகுப்பை நிறுவும்போது அதனுள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. ‘சைன்ட்-பை’ என்று சாவியைக் கட்டிவைத்தாலும், அந்தக் களஞ்சியம் எந்தத் தொகுப்பைத் தரலாம் என்பதை அது கட்டுப்படுத்தாது. நாளை சிஸ்டத்தின் அடிப்படை லைப்ரரிக்கே அதிக எண் போட்டு ஒன்றை நீட்டினால், ஆப்ட் வாங்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத் தனியாகப் பின்னிங் எழுத வேண்டும். இணையத்திலிருந்து வரும் ஸ்கிரிப்டை கர்ல் வழியாக நேரே சூடோ பாஷுக்குள் ஊற்றும் ஒற்றை வரியைப் பற்றி என்ன சொல்ல? நிறுவும், ஆனால் எங்கெங்கே என்ன வைத்தது என்பது ஆப்டுக்கு அடியில் இருக்கும் டிபிகேஜிக்குத் தெரியாது.

டெஸ்க்டாப் வேறு கதை. படம் திருத்தவோ வீடியோ வெட்டவோ புதிய பதிப்பு வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் போதும். இடம் கொஞ்சம் அதிகம் தின்னும், சிஸ்டத்தைக் குலைக்காது. ஸ்னாப் சொல்லாமலே தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைச் சிலர் வரம் என்கிறார்கள். சர்வரில் எனக்கு அது ஒத்துவராது.

பாதுகாப்புத் திருத்தங்களை ‘அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ்’ பொறுப்பில் விடலாம். ஆனால் லைப்ரரி மாறினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழையதையே நினைவகத்தில் வைத்திருக்கும். ‘நீட்ரீஸ்டார்ட்’ அதைக் காட்டிக்கொடுக்கும். கெர்னல் மாறினால் ரீபூட் செய்துதான் ஆக வேண்டும்.

இதைப் படித்த கையோடு உங்கள் சர்வரில் ‘சோர்சஸ்.லிஸ்ட்.டி’ கோப்புறையைத் திறந்து பாருங்கள். யார் சேர்த்தது என்று தெரியாத கோப்பு அங்கே இருந்தால், அடுத்த அப்கிரேடுக்கு முன் அதை விசாரியுங்கள்.