இறந்தவர்க்கும் இருப்பவர்க்கும்

வாஷிங்டனிலிருந்து போட்டோமாக் நதியைத் தாண்டினால் ஆர்லிங்டன். சரிவு முழுக்க வரிசை பிசகாத வெள்ளைக் கல்லறைகள். இந்த ராணுவ இடுகாட்டை ஒட்டியிருப்பது ஃபோர்ட் மையர் முகாம். அதற்குள் 1908-ல் கட்டிய லாயம். இறுதி ஊர்வலத்துக்கான குதிரைகளின் வீடு இது. வீரர்கள் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து, குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தோல்வார்களுக்கு மெருகேற்றுவார்கள். பிறகு ஆறு குதிரைகளைப் பூட்டுவார்கள். எல்லாமே கறுப்பு, அல்லது எல்லாமே சாம்பல் நிறம். அவை இழுப்பது முதல் உலகப்போர் காலத்துப் பீரங்கி வண்டி. முன்பு வெடிகுண்டுகள் ஏற்றிய இடத்தில் கொடி போர்த்திய சவப்பெட்டி. ஆறுக்கும் சேணம் உண்டு. ஆனால் இடப்பக்கத்து மூன்றில் மட்டுமே வீரர்கள் அமர்வார்கள். வலப்பக்கத்தவை ஒரு காலத்தில் தீனியும் தட்டுமுட்டுச் சாமான்களும் சுமந்தவை. 1963-ல் கென்னடியின் உடலும் இப்படித்தான் இங்கே வந்தது.

2006-ல் இதே குதிரைகளுக்கு இன்னொரு வேலை வந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற இருவரின் முயற்சியில், போரில் கைகால் இழந்து வால்டர் ரீட் மருத்துவமனையில் இருந்தவர்களை அழைத்துவந்து குதிரை ஏற்றினார்கள். முன்னால் ஒருவர் கயிறு பிடிக்க, இரு பக்கமும் துணைக்கு ஆட்கள் நடந்தார்கள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசையும். மனிதன் நடக்கையில் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். செயற்கைக் காலில் தடுமாறுபவரின் உடம்புக்கு நடையின் தாளம் மறுபடி பழகுகிறது.

மனக்காயத்தின் கணக்கு வேறு. போரிலிருந்து திரும்பிய பலர், கதவை யாராவது அறைந்து சாத்தினாலே துள்ளி விழுவார்கள். சுவருக்கு முதுகு கொடுத்துத்தான் உட்காருவார்கள். குதிரையும் அப்படித்தான். வேட்டைக்கு இரையாகும் பிராணி, காதைத் திருப்பித் திருப்பி ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். மேலே இருப்பவரின் தொடை இறுகினால் அதற்குத் தெரிந்துவிடும். அதைச் சாந்தப்படுத்த நினைப்பவர் முதலில் தன் மூச்சை நிதானப்படுத்த வேண்டும். மருத்துவர் சொன்னால் எரிச்சலூட்டும் அறிவுரை, குதிரையிடமிருந்து வந்தால் அவ்வளவாகக் கசப்பதில்லை போலும். ஆர்லிங்டன் குதிரைகள் மரியாதை வேட்டுகளுக்கும் பழகியவை என்பது கூடுதல் வசதி. இந்தச் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மருந்துக்கு மாற்று என்று இதைச் சொல்லிவிட முடியாது.

ஊரார் துக்கத்தைச் சுமந்த குதிரைகளின் நிலைமை பிறகுதான் வெளியே வந்தது. 2022 பிப்ரவரியில் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு குதிரைகள் இறந்தன. ஒன்றின் குடலில் சுமார் 20 கிலோ மணலும் சரளையும். மட்டமான தீவனம், போதாத மேய்ச்சல் நிலம், அசுத்தம் என்று ராணுவத்தின் சொந்த விசாரணையே பட்டியலிட்டது. 2023 மே மாதம் குதிரை ஊர்வலங்கள் நிறுத்தப்பட்டன. இப்போது சிகிச்சை குதிரைகளுக்கு. அளவெடுத்த புதுச் சேணங்கள் வந்தன, வண்டிகளின் பாரமும் கணக்கிலெடுக்கப்பட்டது. முன்பு ஒரே நாளில் எட்டு ஊர்வலம்வரை நடந்த இடம் அது. 2025 ஜூனில் வண்டி மறுபடி உருளத் தொடங்கியபோது எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்திருந்தார்கள்.