காற்றும் மேடையும் இழந்த எஞ்சின்: ஈப்போ பட்டறைகளில் பேருந்து ஜெனரேட்டர்

பழைய பேருந்தின் இருக்கைகளைக் கழற்றி அதனை நடமாடும் மருந்தகமாகவோ நூலகமாகவோ கண்காட்சிக் கூடமாகவோ உணவு வண்டியாகவோ மாற்றும்போது முதலில் தலைதூக்கும் சிக்கல் மின்சாரம். பேருந்தின் சொந்த எஞ்சினோடு பிணைந்த ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்சாரத்தையே தருகிறது. குளிரூட்டிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் மலேசிய வீடுகளில் உள்ளதைப் போல 230 வோல்ட் அழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்ட மாறுமின்சாரம் வேண்டும். ஆகையால் சிறிய டீசல் எஞ்சினையும் அது சுழற்றும் தனி ஆல்டர்னேட்டரையும் ஒரே சட்டத்தில் பூட்டி, பேருந்தின் அடிவயிற்றில் உள்ள சாமான் அறைக்குள் இரும்புப் பெட்டி கட்டி வைத்துவிடுகின்றனர். பட்டறைப் பேச்சில் இது வெறும் ‘செட்’ எனவும், அதன் மின்பகுதி மூத்தவர்கள் வாயில் இன்னமும் ‘டைனமோ’ எனவும் வழங்குகின்றன.

மெங்லெம்பு, லாஹாட், ஜெலாப்பாங் என ஈப்போவைச் சூழ்ந்த பகுதிகளில், லாரிக்கும் பேருந்துக்கும் பாடி கட்டும் கொட்டகைகளை ஒட்டி இத்தகைய செட்டுகளைப் பழுது பார்க்கும் பட்டறைகள் இயங்குகின்றன. அவற்றில் தோட்டத்து எஞ்சின் அறையில் தொழில் பழகிய தமிழர்களையும், அவர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்து கைத்தேர்ச்சி பெற்ற இளையவர்களையும் காண முடிகிறது. இவர்களின் தொழிலறிவைப் புரிந்துகொள்ளப் பட்டறையை மட்டும் பார்த்தால் போதாது. தோட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஹியூ லோ நட்ட கன்றுகளுக்குப் பின் ரப்பர் பேராக் மாநிலமெங்கும் பரவியபோதிலும், மின்சாரம் அதே வேகத்தில் பரவவில்லை. பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் 1920களின் இறுதியில் மாலிம் நாவாரில் நிறுவிய மின்நிலையமும், 1930இல் செயற்படத் தொடங்கிய செண்டரோ அணையும் முதன்மையாகக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக எழுந்தவை. மின்கம்பி எட்டாத தோட்டங்கள் தமக்கு வேண்டிய விசையைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. ஆலையில் உறைந்த பாலைத் தகடாக்கும் உருளைகளைப் பட்டைவார் வழியே சுழற்றியது எஞ்சின். மாலையில் டைனமோவையும் அத்தகைய எஞ்சினே ஓட்டியது. துரை பங்களாவுக்கு முதலிலும் லயத்துக்குப் பின்னாலும், இரவில் சில மணி நேரத்துக்கு மட்டும், அந்த வெளிச்சம் வந்து சேர்ந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் எஞ்சின் டிரைவர் எனப்பட்டார். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் அப்பணிக்குத் தரவாரியான தகுதிச் சான்றிதழும் வகுக்கப்பட்டது. 1948இல் அவசரகாலம் பிறந்த பின் அரசின் தகவல் இலாகா தோட்டங்களுக்கு அனுப்பிய படக்காட்சி வண்டிகள், சக்கரத்தின் மேல் மின்சாரம் ஏற்றிவந்தவை என்ற வகையில், இன்றைய மாற்றுப் பேருந்துகளுக்கு மூத்தவை எனலாம்.

எஞ்சின் அறை எஞ்சினுக்கு இரண்டு வசதிகளைக் கேட்காமலேயே கொடுத்தது. தரையில் ஆழ ஊன்றிய சிமெண்டு மேடை அதிர்வை வாங்கிக்கொண்டது. மேற்பாதி திறந்த சுவரும் உயர்ந்த தகரக் கூரையும் சூட்டை வெளியேற்றின. பேருந்தின் பெட்டி இவ்விரண்டையும் பறித்துவிடுகிறது. மேடைக்குப் பதில் ஆடும் சட்டம், திறந்த அறைக்குப் பதில் மூடிய இரும்பறை. பழுது எனக் கொண்டுவரப்படும் செட்டுகளில் எஞ்சினோ டைனமோவோ தாமாகக் கெட்டவற்றைவிட, பெட்டியால் கெடுக்கப்பட்டவையே மிகுதி என்பது இப்பட்டறைகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் செய்தி. அவ்வாறு கெட்டதை மாற்றிவிட்டுப் பெட்டியை அப்படியே விடுவோர், புதிய செட்டுக்கும் அதே கதியைத்தான் தேடிவைக்கின்றனர்.

பட்டறையொன்றில் கவனிக்கப்பட்ட வண்டியின் குறை இது: செட் சுமார் அரைமணி நேரம் ஒழுங்காக ஓடி, பின் மூச்சுத் திணறுவதைப்போல் ஏறி இறங்கி, நின்றுவிடும், சற்று ஆறவிட்டால் மீண்டும் ஓடும். சூடு ஏறித்தான் நிற்கிறது எனத் தீர்மானித்த உரிமையாளர் புதிய செட்டுக்கு விலை பேசத் தொடங்கியிருந்தார். மூத்த மெக்கானிக் வெப்பமானியைத் தொடவில்லை. செட் ஏறி இறங்கத் தொடங்கிய கணத்தில் அதற்கென வைத்திருந்த தனி டீசல் டாங்கியின் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது, எஞ்சின் ஓசை சீரானது. “செட்டுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, டாங்கிக்குத்தான் மூச்சு அடைச்சிருக்கு” என்றார். டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று நுழைவதற்காக டாங்கியின் மேற்புறத்தில் மெல்லிய சுவாசக் குழாய் ஒன்று இருக்கும்; வண்டிக்கடியில் தொங்கிய அதன் முனையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உள்ளே வெற்றழுத்தம் கூடியதால் எண்ணெய்ப் பம்பு டீசலை இழுக்க முடியாமல் போனது. நின்ற பின் எங்கிருந்தோ சிறிது காற்றுக் கசிந்து நுழைந்ததால் மறுபடியும் ஓடியது. குழாயை மேலே தூக்கிக் கட்டி, முனையைக் கம்பிவலையால் மூடியதோடு வேலை முடிந்தது.

தனி டாங்கி இல்லாத வண்டிகளில் செட் பேருந்தின் டாங்கியிலிருந்தே டீசலை உறிஞ்சுகிறது. அத்தகைய வண்டிகளில் உறிஞ்சு குழாயை டாங்கியின் அடிவரை விடாமல், கால்வாசி உயரத்தில் நிறுத்துவது அறிந்தவர்களின் வழக்கம். இல்லாவிடில் இரவெல்லாம் ஓடிய செட் முழு எண்ணெயையும் குடித்துவிட்டு, காலையில் பேருந்தை நடுவழியில் நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டை அறியாத புதிய ஓட்டுநர், டாங்கியில் டீசல் இருக்கச் செட் மட்டும் நிற்பதைக் கண்டு அதைப் பழுது என்று கொண்டுவருவதும் உண்டு. டீசலைப் பற்றி இன்னொன்று: மலேசியாவில் 2019 முதல் போக்குவரத்துக்கு வரும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த உயிரி டீசல் கலக்கப்படுகிறது. இக்கலவை ஈரத்தை எளிதில் ஏற்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கியில் நீர் தங்கி, நுண்ணுயிர் வளர்ந்து, வடிகட்டியைக் கருஞ்சேறாக அடைத்துவிடும். பால்மரத்தை வெட்டி நட்ட செம்பனை, பால்மரத் தோட்டத்து மெக்கானிக்கின் மேசைக்கே வேலையாக வந்து சேர்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

சூட்டினால் நிற்கும் செட்டில் சோதிக்க வேண்டியது காற்றின் பாதை. ரேடியேட்டர் வெளித்தள்ளும் வெப்பக்காற்று பெட்டிக்குள்ளேயே சுற்றி மறுபடியும் ரேடியேட்டருக்குள் புகுந்தால் எவ்வளவு பெரிய விசிறியும் பயன்படாது. மெக்கானிக் ஒரு நூல்துண்டை நுழைவாயிலில் பிடித்துப் பார்க்கிறார்; அது உள்நோக்கி இழுபடாமல் தளர்ந்து ஆடினால், தகரத்தை வெட்டி வாயிலைப் பெரிதாக்கவும், வெப்பக்காற்றுக்குத் தனிக் கூண்டு கட்டவும் சொல்கிறார். புகைக்குழாய் பெட்டிக்குள் கசிவதை அவர் சூட்டுப் பிரச்சினையாக மட்டும் கருதுவதில்லை. மணமற்ற கார்பன் மோனாக்சைடு தரைப்பலகையின் இடுக்கு வழியாக மேலே ஏறி, குளிரூட்டியை நம்பிச் சன்னலை மூடி உறங்குபவரை எழவிடாமற் செய்துவிடும் என்பதால், வளையும் இணைப்புக் குழாயில் விரிசல் கண்டால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைத்தான் மாற்றுகிறார்.

மின்பகுதியில் முதலில் பார்க்கப்படுவது அதிர்வெண். நான்கு துருவ டைனமோ நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அது தாழ்ந்தால் குற்றம் எஞ்சினிடம், அது சரியாக இருக்க வோல்ட் தாழ்ந்தால் குற்றம் டைனமோவிடம். எஞ்சின் நன்றாக ஓடியும் வோல்ட் அறவே வராதபோது, நெடுநாள் ஓடாமையால் இரும்பில் எஞ்சியிருக்க வேண்டிய காந்தத்தன்மை வற்றியிருக்கக்கூடும். அப்போது வோல்ட்டைத் தானே சீர்படுத்தும் ஏவிஆர் என்னும் மின்னணு அட்டையைக் கழற்றிவைத்து, தூண்டு சுருளுக்கு 12 வோல்ட் பாட்டரியை முனை மாறாமல் சில நொடிகள் தொடுவித்தால், டைனமோ உயிர் பெற்றுவிடுகிறது. பேராக்கின் மழைக்காலத்தில் சுருள்களில் ஈரம் கோப்பதும் இயல்பு. மின்காப்புத் தடையை அளக்கும் மெகர் கருவியில் ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால், உள்ளே குண்டு பல்பை எரியவிட்டு உலர்த்திய பிறகே ஓட்ட அனுமதிக்கின்றனர்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது உரிமையாளர்கள் கேட்பது பெரும்பாலும் இன்னும் பெரிய செட்டை. குளிரூட்டியின் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் இந்த ஆசையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் கொள்ளளவில் 30 விழுக்காட்டுக்கும் குறைவான சுமையில் நாள் முழுதும் ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூடேறாமல், எரியாத எண்ணெய் புகைக்குழாயில் ஈரக்கரியாகப் படிந்து, விரைவில் திறன் இழக்கிறது. ஆகவே பெரிய செட்டுக்குப் பதிலாக, மெதுவாக வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் வகைக் குளிரூட்டியை மாட்டச் சொல்லிச் செட்டை அளவாக வைப்பதே பட்டறையின் பரிந்துரை. செட் விற்பவர்களுக்கு இது உவப்பான அறிவுரையன்று.

ஜப்பானிலிருந்து வரும் பழைய செட்டுகளில் வேறொரு பொறி உண்டு. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் வழக்கில் இருப்பதால், எந்தப் பகுதிக்காக அமைத்த செட் என்று பெயர்த்தகட்டைப் படித்தறியாமல் வாங்கக் கூடாது. 1800 சுழற்சியில் 60 ஹெர்ட்ஸ் தரும் செட்டை 1500க்கு இறக்கினால் எஞ்சின் விசையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஏவிஆர் அட்டையில் 50க்கும் 60க்குமான சிறு இணைப்பையும் இடம் மாற்றாவிட்டால், சுழற்சி குறைந்ததைக் கோளாறு எனக் கருதி அது வோல்ட்டையும் தாழ்த்திவிடும்.

புதிய செட்டைப் பூட்டியபின் பலர் மறப்பது நில இணைப்பை. பேருந்து ரப்பர் டயரின் மேல் நிற்பதால் அதன் உடலுக்கும் பூமிக்கும் தொடர்பு கிடையாது. டைனமோவின் நியூட்ரல் முனையைப் பேருந்தின் சட்டத்தோடு இணைக்காவிடில், மின்கசிவு நேரும்போது திரும்பிவர வழியின்றி, இணைப்பைத் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி என்னும் பாதுகாப்புச் சுவிட்சு வாளாவிருந்துவிடும். 1994ஆம் ஆண்டின் மலேசிய மின்சார ஒழுங்குவிதிகள் கையால் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களின் இணைப்புக்கு 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சுவிட்சைக் கேட்கின்றன. சுவிட்சு இருந்தும் மேற்கண்ட இணைப்பு இல்லாத வண்டிகளும் பட்டறைக்கு வருகின்றன. வெளியிலிருந்து இழுக்கும் மின்சாரமும் செட்டின் மின்சாரமும் ஒருபோதும் ஒன்றோடொன்று மோதாதபடி ஒன்றைத் திறந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும் மாற்றுச் சுவிட்சையும் பொருத்தியாக வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசலின் சில்லறை விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்த பிறகு, சிறிய செட் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் குடிக்கும் என்ற கணக்கை உரிமையாளர்களே போடத் தொடங்கினர். விளக்கு, விசிறி, கணினி ஆகியவற்றை, பேருந்து ஓடும்போதே நிரம்பும் லித்தியம் பாட்டரியில் விட்டுவிட்டு, குளிரூட்டிக்கும் சமையலுக்கும் மட்டும் செட்டை ஓட்டும் ஏற்பாடு சாத்தியமாகியிருக்கிறது. அவ்வாறு செய்தால் பழைய இடத்தில் ஒரு படி சிறிய செட்டே போதும். அதே பெட்டிக்குள் அது உட்காரும்போது நாற்புறமும் கை நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைப்பதால், அதிர்வைத் தாங்கும் ரப்பர் கட்டைகளைத் தடித்தவையாகப் போடவும் காற்றுக்கூண்டை நேராக வெளியே விடவும் மெக்கானிக்குக்கு இடம் அமைந்துவிடுகிறது.