கட்டத்துக்குள் ஒரு டீச்சர்

அந்த அமெரிக்கப் பெண்மணி நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு வெள்ளைப் பலகை. இரண்டு பக்கமும் நடமாடத் தாராளமான இடம். அவரோ பலகைக்கு நட்டநடுவில் இரண்டடி அகலத்துக்குள் நின்றார். கைகள் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன. 'கேளுங்கள்' என்பதற்குக் காதோரம் குவித்த உள்ளங்கை, 'சொல்லுங்கள்' என்பதற்கு வாயோரம் ஒரு விரல். தோளுக்குக் கீழே கை இறங்குவேனா என்றது.

ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் பலருக்கு இன்றும் சைகோன். வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களைப் பழக்கும் மையம் ஒன்றின் மூன்றாவது மாடி. அங்குள்ள பயிற்றுநர் ஒருவர் என் நண்பர். "உட்கார்ந்து பார். வாயை மட்டும் திறக்காதே" என்று பின்வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார். அந்த நிபந்தனை என் பக்கத்தில் இருந்த பயிற்சி மாணவர்களுக்கும் உண்டு. முன்னால் நிற்பவர் தடுமாறினால் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சிரிக்கவும் கூடாது.

ஆங்கிலம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வேலை முடித்து நேராக வந்திருந்தார்கள். நாற்காலிகளுக்கு அடியில் ஹெல்மெட்டுகள். இந்த வகுப்புக்குக் கட்டணம் இல்லை. முடிவெட்டப் பழகுகிறவனிடம் ஓசியில் தலையைக் கொடுக்கிற கணக்குத்தான்.

பெண்மணி பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். 'ஐ யூஸ்டு டு ரைட் எ பைசிக்கிள்.' முன்பெல்லாம் சைக்கிளில் போவேன், இப்போது இல்லை. விளக்கினார். இன்னும் கொஞ்சம் விளக்கினார். பிறகு, "புரிகிறதா?" என்று கேட்டார். எல்லாத் தலையும் ஆடியது. இந்தத் தலையாட்டலை நமக்குத் தெரியாதா? நம் ஊர் வகுப்பறைகள் பரம்பரை பரம்பரையாக ஆட்டிவரும் தலைதானே. பயிற்றுநர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

என் வலப்பக்கம் கட்டம்போட்ட சட்டையில் ஓர் இளைஞர். அவர் கையில் இருந்த தாளில் வகுப்பின் வரைபடம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். ஆசிரியை யாரிடம் பேசினாலும் அந்த வட்டத்துக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். கவனிக்கப் பழகுவதற்காகக் கொடுக்கிற வேலை இது. அரைமணி நேரத்தில் முன்வரிசை இடப்பக்கத்து வட்டங்கள் முள்ளம்பன்றி ஆகிவிட்டன. ஜன்னலோர மூலையில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரருக்கு ஒரு கோடுகூட இல்லை.

அவர்தான் திடீரென்று வாய் திறந்தார். "ஐ யூஸ் டு லி இன் டா லாட்." 'லிவ்' என்பதன் கடைசி ஒலியைக் காணோம். சொல்லின் முடிவில் வரும் மெய்யொலிகளை விட்டுவிடுவது வியட்நாமியர் பலரின் ஆங்கிலத்தில் உள்ள வழக்கம். பெண்மணி பலகையருகே நின்றபடி 'லிவ்', 'லிவ்' என்று சொல்லிப் பார்த்தார். மூலையிலிருந்து 'லி'தான் திரும்பி வந்தது. ஒரு நொடி யோசித்தார். பிறகு அந்த இரண்டடியைத் தாண்டி, நாற்காலிகளுக்கு இடையே புகுந்து, அவர் முன்னால் குனிந்து, மேல்பல்லைக் கீழுதட்டில் பதித்துக் காட்டினார். "லிவ்." வழுக்கைத் தலைக்காரர் தன் பல்லையும் உதட்டையும் தேடிப் பிடித்துச் சேர்த்தார். வந்துவிட்டது. என் பக்கத்துத் தாளில் மூலைக்கு முதல் கோடு விழுந்தது, நல்ல அழுத்தமாக.

அந்த இரண்டடி எங்கிருந்து வந்தது என்பது இடைவேளையில் காதில் விழுந்த பேச்சில் தெரிந்தது. தன் ஊரில் விடியும் முன்பே எழுந்து, கணினி வழியாகச் சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு திரை, ஒரு குழந்தை, 25 நிமிடம். அதற்காக வாங்கியது ஓர் இணையவழிச் சான்றிதழ். 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷன்மீது கைவைத்தது. வெளிநாட்டில் இருப்பவர்களை அமர்த்திப் பாடம் நடத்துவதற்கும் தடை வந்தது. வேலை போயிற்று. கேமராவுக்குள் அடங்கப் பழகிய உடம்பு மட்டும் மிச்சம். திரையில் என்றால் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருப்பார். இங்கே காலையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது.

பிறகு நடந்த அலசலில் பயிற்றுநர் முதலில் கேட்டது அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான். 'புரிகிறதா' என்று கேட்பது வீண். "அவர் இப்போது சைக்கிளில் போகிறாரா? முன்பு போனாரா? ஒரு தடவையா, வழக்கமாகவா?" என்று கேட்டால் புரியாதவர் யாரென்று தானே தெரிந்துவிடும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பெண்மணியும் ஏற்கெனவே படித்திருந்தாராம். பன்னிரண்டு பேர் கண்ணுக்கு முன்னால் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சி முறைக்கு வயது அறுபதுக்கு மேல். ஜான் ஹேக்ராஃப்ட், பிரிட்டா ஹேக்ராஃப்ட் தம்பதி 1953-இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார்கள். 1962-இல் லண்டனில், ஆசிரியர் ஆக விரும்புகிறவர்களுக்காக இரண்டு வார வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். அதன் வழிவந்ததுதான் இன்று கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்டா'. முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். நான்கு கட்டுரைகள், 120 மணி நேரப் பயிற்சி; அதற்குள்ளேயே அனுபவமுள்ள ஆசிரியர்களின் பாடங்களைக் கவனிக்க 6 மணி நேரம். இதோடு 6 மணி நேரம் தானே பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க. 2020-இல் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடியபோது அந்த 6 மணி நேரத்தையும் திரைவழியே நடத்தலாம் என்று கதவைத் திறந்தார்கள். அந்தக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இணையச் சந்தையில் விற்கும் மலிவான படிப்புகளும் '120 மணி' என்றுதான் பலகை மாட்டிக்கொள்கின்றன. எண் ஒன்று, சரக்கு வேறு. பலவற்றில் காணொளி பார்த்து, கேள்விக்கு டிக் அடித்தால் போதும். உயிருள்ள ஒரு மாணவனைக்கூடப் பார்க்காமல் ஆசிரியர் ஆகிவிடலாம். ஆன்லைனா நேரடியா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், முன்னால் ஆள் உண்டா, பின்னால் பார்ப்பவர் உண்டா என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீதிப் பாதி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அங்கே இன்னொரு பயிற்றுநர் மடிக்கணினியில் ஓர் இளைஞரின் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர் வேறு ஏதோ நாட்டில். மாணவர்கள் ஆளுக்கொரு ஊரில். 'ஐ', 'ஆம்' என்று விரல்களில் எண்ணிக் காட்டி, இரண்டு விரலையும் ஒட்டவைத்து 'ஐம்' ஆக்கினார். எதிரில் இருப்பவருக்கு இடமிருந்து வலமாகத் தெரிய வேண்டுமென்றால் நாம் நம் வலப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அவரோ திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து எண்ணினார். அது கண்ணாடிப் பிம்பம். மாணவர்களுக்கு எல்லாம் தலைகீழ். பயிற்றுநர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பிறகு அந்த இளைஞர் மாணவர்களை இருவர் இருவராகத் திரையிலேயே தனி அறைகளுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து கேட்டார். அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. வெளியே வந்தபின் மறுபடி தொடங்கியிருக்கும் போலும். தடுப்புக்கு எங்கள் பக்கம் அப்படி இல்லை. ஆறு ஜோடிகளின் இரைச்சலும் ஒரே காதில் விழும். இரைச்சல் தணிந்தால் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். அதைக் கேட்கும் காது திரையில் வளராது என்பது என் கட்சி. வேலையே திரையில்தான் என்பவருக்கு அந்தக் காது எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான்.

படிக்கட்டில் கட்டம்போட்ட சட்டைக்காரர் போனில். திடுக்கென்று தமிழ்.

"இல்லக்கா, அது வேற, இது வேற. ஆன்லைன்ல முடிச்சேன்ல, நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க்கு. அதக் கொண்டுட்டு இங்க ஒரு சென்டர்ல டெமோ கிளாஸ் எடுக்கப் போனேன். இருபது பொடிசுங்க. அஞ்சாவது நிமிஷம் பாதிப் பேரு மேஜைக்கு அடியில."

நானும் தமிழ்தான் என்று சொல்லியிருக்கலாம். நண்பர் போட்ட நிபந்தனை படிக்கட்டுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டேன்.

"யாரு, சித்தி பொண்ணா? அவ வீட்ல இருந்துதான சொல்லிக்குடுக்கப் போறா, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எங்க போவா. ஆன்லைனே படிக்கட்டும். ஆனா நெசமான ஆளுகளுக்குப் பாடம் எடுக்கவிடுவாங்களான்னு கேட்டுட்டுப் பணத்தக் கட்டச் சொல்லு. வீடியோ மட்டும்னா வேண்டாம்."

அக்கா வேறு ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"கொரியாவா? அதுக்கு எந்தச் சர்டிபிகேட்டும் ஆகாதுக்கா. பாஸ்போர்ட்டப் பாப்பாங்க."

உண்மைதான். தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். நேரடியாகப் படித்தாலும் இணையத்தில் படித்தாலும் பிறந்த ஊரை மாற்ற முடியாது.

"செலவா?" குரலைத் தாழ்த்தினார். "படிப்புக்கு ஒரு பங்குன்னா, ரூம் வாடகை, சாப்பாடு, பிளைட்டுன்னு அதுக்கு மேல போயிருச்சு. ஆன்லைன்ல படிச்சிருந்தா இதெல்லாம் மிச்சந்தான், இல்லேங்கல. ஆனா எவ்வளவுன்னு அப்பாட்ட மட்டும் சொல்லிராத. வைக்கட்டுமாக்கா? நாளைக்கு நான் பாடம் எடுக்கணும், லெசன் ப்ளான் ஒரு வரிகூட எழுதல."